உப்புக் காற்றில் வண்ண இலைச்செடிகள்: ஓரம் கருகுவது காற்றாலா, தண்ணீராலா?

தங்கச்சிமடம் மாடித்தோட்டம்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு தங்கச்சிமடத்தில், தென்கடலைப் பார்த்த மாடி. ஊரே மல்லிகை நாற்று போடுகிற ஊர்தான். எனக்கு என்னவோ பூவைவிட இலையின் நிறத்தில்தான் ஆசை. குரோட்டனில் சில வகைகள், கோலியஸ், டி செடி (கார்டிலைன்), அக்லோனிமா, கலேடியம் எல்லாம் தொட்டியில் இருக்கின்றன.

ஆனி பிறந்து தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று ஏறியதிலிருந்து குரோட்டன் இலைகளின் நுனியும் ஓரமும் காய்ந்து பழுப்பாகின்றன. சிவப்பும் மஞ்சளுமாக இருந்த இலை மங்கிப்போய், கீழ் இலைகள் ஒவ்வொன்றாகக் கொட்டுகின்றன. உரம் போதவில்லை என்கிறார்கள், வெயில் அதிகம் என்கிறார்கள். நம் கடற்கரையில் இந்தச் செடிகளை நன்றாக வளர்க்கிறவர்கள் வழி சொல்லுங்கள்.

பரமக்குடி பசுமை

அக்கா, எங்கள் வீட்டில் குரோட்டன் முழு வெயிலில்தான் நிற்கிறது, நிறம் அள்ளுகிறது. உங்களுக்கு மெக்னீசியம் குறைவாக இருக்கலாம். ஒரு லிட்டருக்கு ஒரு ஸ்பூன் எப்சம் உப்பு கலந்து மாதம் ஒருமுறை விடுங்கள். கூடவே நுண்ணூட்டக் கலவை ஒன்று.

மண்டபம் கரையோரம்

தம்பி, பரமக்குடிக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவே உள்ள வித்தியாசமே கடல்தான். அங்கே சரியாக வருவதை அப்படியே இங்கே சொல்ல முடியாது. காரணம் தெரியும் வரை எந்த உப்பையும் தொட்டியில் போட வேண்டாம் அம்மா.

முதலில் இதையெல்லாம் பார்த்துச் சொல்லுங்கள். கருகல் கடல் பக்கம் பார்த்த இலைகளில் மட்டுமா, செடி முழுக்கவா? வீட்டுக்குள் அல்லது வராந்தாவில் காற்றுப் படாமல் இருக்கிற செடியின் நுனியும் கருகுகிறதா? தண்ணீர் எது, போரா, குழாயில் வரும் காவிரித் தண்ணீரா? மண் தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளை பூத்திருக்கிறதா?

தங்கச்சிமடம் மாடித்தோட்டம்

ஐயா, இன்று காலையில் உட்கார்ந்து பார்த்தேன். குரோட்டனில் கடல் பக்கம்தான் அதிகம், வீட்டுச் சுவர் பக்கம் இலைகள் ஓரளவு நன்றாகவே இருக்கின்றன. ஆனால் வராந்தாவில் இருக்கிற அக்லோனிமாவுக்கும் டி செடிக்கும் நுனி மட்டும் காய்ந்திருக்கிறது. அங்கே காற்று கிடையாது. தண்ணீர் பெரும்பாலும் போர்தான். நல்ல தண்ணீர் வருகிற அன்றைக்குக் கொஞ்சம் அது. தொட்டிகளில் வெள்ளை நன்றாகவே படிந்திருக்கிறது, விரலால் தேய்த்தால் மாவாக வருகிறது.

மண்டபம் கரையோரம்

அப்படியானால் உங்களுக்கு இரண்டு தொல்லை ஒரே நேரத்தில். மாடியில் காற்றும் தண்ணீரும், வராந்தாவில் தண்ணீர் மட்டும்.

ஒரு இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். உப்பில் கருகிய இலையில் பழுப்பு நுனியில் தொடங்கி ஓரமாக உள்ளே நகரும். காய்ந்த பகுதிக்கும் நல்ல பகுதிக்கும் நடுவே மஞ்சளாக ஒரு மெல்லிய கோடு தெரியும். வெயிலில் வெந்த இலை அப்படி இருக்காது. வெயில் நேராக அடித்த இடத்தில், பெரும்பாலும் இலையின் நடுவிலேயே, வெளிறிய திட்டு விழும். ஓரம் நன்றாகவே இருக்கும். பூச்சியால் வந்தது என்றால் அடிப்பக்கத்தில் தடயம் கிடைக்கும்.

தண்ணீர் விஷயம் இப்படி. உப்பளத்தில் நடப்பதுதான் தொட்டியிலும் நடக்கிறது. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு நின்றுவிடும். தரையில் நட்ட செடிக்கு மழை கழுவிக் கீழே இறக்கிவிடும், தொட்டிக்கு அந்த வழி குறைவு. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. 500 பிபிஎம்முக்குள் (லிட்டருக்கு 500 மில்லிகிராம்) இருந்தால் குரோட்டனுக்குக் கவலையில்லை. 1000ஐத் தாண்டிய தண்ணீரைத் தொடர்ந்து விட்டால் இன்றில்லாவிட்டாலும் நாளைக்கு நுனி காட்டிக்கொடுத்துவிடும். அக்லோனிமாவும் கலேடியமும் அதற்கும் முன்பே முகம் சுளிக்கும். டி செடிக்கு உப்போடு இன்னொன்றும் உண்டு: தண்ணீரில் புளோரைடு இருந்தால் அந்த இனத்துக்கும் டிரசினாவுக்கும் நுனி கருகும்.

சேர்ந்த உப்பை இறக்க ஒரே வழி, கழுவுவதுதான். தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக விட்டு, அடியில் ஓடவிட வேண்டும். பத்து லிட்டர் தொட்டிக்கு இருபது லிட்டர். அடித்தட்டில் தேங்குவதை உடனே கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் இறங்கிய உப்பு திரும்ப ஏறும்.

உச்சிப்புளி நர்சரி

ஐயா சொல்வது சரி. செடி விற்கிறவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். ஆந்திராவில் கடியம் பக்கமிருந்து வரும் குரோட்டன், அக்லோனிமா எல்லாம் பெரும்பாலும் கெட்டியான களிமண் உருண்டையோடுதான் வரும். லாரிப் பயணத்துக்கு அது நல்லது. நம் ஊர்த் தண்ணீருக்கு அதுவே எமன். உருண்டைக்குள் உப்பு போய் உட்கார்ந்தால் கழுவினாலும் இறங்காது. வாங்கி வந்ததும் சில நாள் நிழலில் வைத்துத் தெளியவிட்டு, பிறகு உருண்டையின் வெளிப்புறத்தை விரலால் மெல்லக் கரைத்துவிட்டு, இளகலான கலவையில் மாற்றுங்கள். வேரை முழுக்க அலசி எடுக்காதீர்கள், குரோட்டன் தாங்காது. இடம் மாற்றினாலே இலையைக் கொட்டுகிற செடி அது. இலை கொட்டியதும் செத்துவிட்டது என்று தூக்கி எறிகிறவர்கள் நிறைய. தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள், பச்சை இருந்தால் துளிர்க்கும்.

கீழக்கரை முற்றம்

அஸ்ஸலாமு அலைக்கும். லாத்தா, ஏசி தண்ணீரை வீணாக்காதீங்க. காற்றில் இருந்து வடிகிற தண்ணீர், அதில் உப்பே கிடையாது. நம் கடற்கரைப் புழுக்கத்துக்கு ராத்திரி முழுக்க ஏசி ஓடினால் ஒரு வாளி சுலபமாக நிறையும். எங்கள் வீட்டு நடுமுற்றத்தில் இருக்கிற அக்லோனிமா, கலேடியம் எல்லாம் அதில்தான் வளருது. நுனியில் ஒரு கறுப்பு கிடையாது.

ஆர்ஓ மிஷினில் கழிவாகப் போகிற தண்ணீரை மட்டும் செடிக்கு விட்டுடாதீங்க. போர் தண்ணீரில் இருந்த உப்பெல்லாம் சேர்ந்து அதில்தான் வரும். மிச்சம் பிடிக்கிறோம் என்று அதை ஊற்றி, செடியைப் பறிகொடுத்தவங்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கேன்.

தங்கச்சிமடம் மாடித்தோட்டம்

நன்றி லாத்தா. வராந்தாச் செடிகளுக்கு அது போதும். மாடிக்கு? காற்றை மறைக்கக் கடல் பக்கம் தகர ஷீட் அடிக்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

தொண்டிக்காரன்

ஷீட் வேண்டாம் சகோ. நாங்கள் வடகடல் பக்கம். எங்களுக்குக் கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்றில்தான் அடி, உங்களுக்கு ஆனி, ஆடியில். காற்று மாறினாலும் பாடம் ஒன்றுதான். முழுச்சுவரோ தகரமோ காற்றைத் தடுப்பது போலத் தெரியும். ஆனால் காற்று மேலே ஏறித் தாண்டி, பின்பக்கம் சுழன்று விழும். சுவருக்குப் பின்னால் வைத்த செடி இன்னும் மோசமாக அடிபடும். பாதி காற்று ஊடுருவிப் போகிற மறைப்புதான் நல்லது. 50 சதவீத நிழல்வலையைச் செங்குத்தாக இழுத்துக் கட்டுங்கள். அல்லது பனையோலைத் தட்டி. உயரத்தைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு தூரம் வரை காற்றின் வேகம் குறையும். ஆறடித் தட்டி உங்கள் மாடிக்குத் தாராளம்.

பழைய மீன்பிடி வலை கிடைத்தால் மடித்து இரண்டு மூன்று அடுக்காகக் கட்டலாம். ஆனால் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்த பிறகுதான். ஐஸ் மீன் வந்த தெர்மாகோல் பெட்டியில் கோலியஸ் வைக்கிறவர்களும் அப்படியே, கழுவி, அடியில் ஓட்டை போட்டு.

மண்டபம் கரையோரம்

தொண்டிக்காரர் சொன்னதோடு இதையும் செய்யுங்கள். காற்று பலமாக அடித்த மறுநாள் காலையில், வெயில் ஏறும் முன், இலைகளின் மேலும் அடியும் நல்ல தண்ணீர் தெளித்துக் கழுவுங்கள். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கிறது. சாரலாக வந்து இலையில் படிகிற துளி காயக் காய இன்னும் கெட்டியாகும். கழுவிவிட்டால் இலை உறிஞ்சும் முன் போய்விடும்.

பெரியபட்டினம் வடக்குத்தெரு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு பாடுபட்டு அந்தச் செடியைத்தான் வைக்க வேண்டுமா? நம் கரையில் நிறமில்லையா? கோடையில் கழிமுகம் பக்கம் போய் உமரியைப் பாருங்கள். மழைக்காலத்தில் பச்சையாக இருக்கிறது, மண்ணில் உப்பு ஏற ஏற ஊதாச் சிவப்பாகிக் கரையே நிறமேறிக் கிடக்கும். உப்பு பட்டால் உங்கள் குரோட்டன் மங்குகிறது, உமரி சிவக்கிறது.

இதற்குக் காரணமும் உண்டு. குரோட்டன், கோலியஸ் இலைகளின் சிவப்பு ஆந்தோசயனின். உமரி, தண்டுக்கீரை, சிவப்புப் பொன்னாங்கண்ணி, பீட்ரூட் இவற்றின் சிவப்பு பீட்டாலெயின் என்ற வேறு சாயம். ஒரே செடியில் இரண்டும் சேர்ந்து இருப்பதில்லை. இந்த இரண்டாவது கூட்டத்தில்தான் உப்பைத் தாங்குகிற இனங்கள் நிறைய. உமரியைத் தொட்டியில் வைக்கச் சொல்லவில்லை. சிவப்புத் தண்டுக்கீரையும் சிவப்புப் பொன்னாங்கண்ணியும் வையுங்கள் என்கிறேன். கண்ணுக்கும் நிறைவு, கறிக்கும் ஆகும். ஆடு மட்டும் எட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கீழக்கரை முற்றம்

பெரியபட்டினத்துக் காக்கா, கீரை வைக்கட்டும், நானும் வைத்திருக்கேன். அதுக்காக குரோட்டனை விடச் சொல்றது சரியில்லை. அதுவும் தீவுச் செடிதானே? ஜாவா, மொலுக்கஸ், நியூகினி, பசிபிக் தீவுகள் எல்லாம் அதோட ஊர். எங்கள் உம்மாவோட உம்மா காலத்தில் இருந்து முற்றத்தில் மஞ்சள் புள்ளிக் குரோட்டன் நிற்குது. கல்யாண வீட்டுக்கு இலை கேட்டு வருவாங்க. முற்றத்தின் நாலு பக்கச் சுவரும் காற்றைத் தள்ளி நிறுத்துது, மேலிருந்து வெளிச்சம் விழுது. செடிக்கு வேண்டியது அதுதான்.

மண்டபம் கரையோரம்

அம்மா சொன்ன தீவுகளுக்கும் நமக்கும் மழையில்தான் வேற்றுமை. அங்கே பெரும்பாலான இடங்களில் ஆண்டின் பெரும்பகுதி பெய்து இலையையும் மண்ணையும் கழுவிக்கொண்டே இருக்கும். நம் மாவட்டத்துக்கு வருடச் சராசரி 830 மில்லிமீட்டர் போல. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதங்களில் அந்தக் கழுவலை நாம்தான் செய்தாக வேண்டும். ஆகவே குரோட்டனை விட வேண்டாம். மழை எப்போது, காற்று எப்போது என்று பார்த்து வளர்ப்போம்.

மழைநீர்க் கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். ஐம்பது சதுர மீட்டர் மாடியில் பத்து மில்லிமீட்டர் பெய்தால் ஐந்நூறு லிட்டர். முதல் மழையை ஓடவிடுங்கள், மாடியில் படிந்த உப்பும் தூசியும் அதில் போகட்டும். அடுத்ததைப் பிடித்து மூடி வையுங்கள். ஐப்பசியில் தொட்டிகளைத் திறந்த வெளியில் வைத்தால் கழுவுகிற வேலையும் மிச்சம். 2024 நவம்பரில் ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் கொட்டித் தீர்த்ததே, அந்த மாதிரி மழையில் மட்டும் தொட்டியின் ஓட்டை அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாலிநோக்கம் வாசகி

மண் கலவை என்ன போடுவது? தென்னை நார்த்தூள் கட்டி வாங்கினேன், அதிலும் உப்பு இருக்கும் என்கிறார்களே?

உச்சிப்புளி நர்சரி

இருக்கும். கழுவாத நார்த்தூளில் சோடியமும் பொட்டாசியமும் அதிகம், உப்புத் தண்ணீரில் ஊறவைத்த மட்டை என்றால் கேட்கவே வேண்டாம். கட்டியை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழியுங்கள். பிழிந்த தண்ணீரின் காப்பி நிறம் வெளிறும் வரை மறுபடி மறுபடி. மீட்டர் இருந்தால் அதையே அளந்து பார்த்து நிறுத்தலாம்.

எங்கள் கலவை: செம்மண் ஒரு பங்கு, கழுவிய நார்த்தூள் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் அரைப்பங்கு, ஆற்று மணல் அரைப்பங்கு. கடற்கரை மணல் சேர்க்காதீர்கள். உப்பைக் கழுவிவிடலாம், அதில் உள்ள சிப்பித் தூளையும் பவளத் தூளையும் என்ன செய்வது? சுண்ணாம்புச் சத்து ஏறி மண் காரமாகிவிடும். அப்போது புது இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது இரும்புச்சத்து ஏறாமல் வருவது. கடையில் இரும்பு கீலேட் (செடி உறிஞ்சும் வடிவில் உள்ள இரும்புச்சத்து) கேட்டால் ஈடிடிஏ (EDTA) வகையைத்தான் முதலில் எடுத்துத் தருவார்கள். கார மண்ணில் அது நிற்காது. ஈடிடிஹெச்ஏ (EDDHA) என்று கேட்டு வாங்குங்கள். அடுப்புச் சாம்பலும் போடாதீர்கள், அதுவும் காரத்தைக் கூட்டும்.

ஏர்வாடி தர்கா ரோடு

கரை ஒதுங்குகிற பாசியை உரமாகப் போடலாமா? எங்கள் பக்கம் கட்டக்கோரைப் பாசி குவியல் குவியலாகக் கிடக்கிறது.

மண்டபம் கரையோரம்

போடலாம், அப்படியே போடக்கூடாது. மழையில் கிடந்து கழுவப்பட்ட குவியலாக எடுங்கள், அல்லது நல்ல தண்ணீரில் அலசுங்கள். பிறகு காய்ந்த இலை, சாணத்தோடு சேர்த்து மக்கவிட்டுப் போடுங்கள். மண்டபம் பக்கம் வளர்க்கிற கப்பாபைகஸ் பாசியின் சாறு பாட்டிலில் கிடைக்கிறது. அட்டையில் சொன்ன அளவுக்கும் குறைவாகவே கலந்து தெளியுங்கள். மீன் அமிலம் (மீன் கழிவை வெல்லத்தில் ஊறவைத்த உரம்) தயாரிக்கிறவர்கள் உப்புப் போட்ட மீனின் கழிவைச் சேர்க்க வேண்டாம்.

இலைச்செடிக்கு உரம் குறைவாகப் போதும். தழைச்சத்து மிஞ்சினால் செடி கொழுக்கும், நிறம் பச்சைக்குப் போகும்.

பரமக்குடி பசுமை

ஐயா, அப்படியானால் நிறத்துக்கு வெயில்தானே? என் செடி அதனால்தானே நன்றாக இருக்கிறது?

மண்டபம் கரையோரம்

குரோட்டனுக்கு ஆமாம். புது இலை பச்சையாகவோ மஞ்சளாகவோ வரும், வெயில் பட்டு முதிர முதிரத்தான் சிவப்பும் ஆரஞ்சும் ஏறும். நிழலில் வைத்தால் பச்சையாகவே நின்றுவிடும். ஆனால் எல்லா இலைச்செடியும் ஒன்றில்லை. வெள்ளைத் திட்டு உள்ள இலைகளில் அந்த இடத்தில் பச்சையம் இல்லை, நேர் வெயிலில் முதலில் வேகுவது அதுதான். அக்லோனிமா, கலேடியம் இரண்டுக்கும் வடிகட்டிய வெளிச்சம். கோலியஸுக்குக் காலை வெயில் போதும், பூக்காம்பு வந்ததும் கிள்ளிவிட வேண்டும், விட்டால் இலை சிறுத்துவிடும்.

வெள்ளை, மஞ்சள் திட்டு உள்ள செடியில் ஒரு கிளை மட்டும் முழுப் பச்சையாகக் கிளம்பினால் அடியோடு வெட்டிவிடுங்கள். அதில் பச்சையம் அதிகம், வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கிவிடும்.

தொண்டிக்காரன்

காற்று நேராக அடிக்கிற முதல் வரிசைக்கு எங்கள் வீட்டில் தாங்குகிறவை: மஞ்சள் ஓர மருள் (பாம்புச்செடி), ரியோ, ஊதா டிரடஸ்காந்தியா, வெள்ளை வரி விழுந்த தாழை, வரிக் கற்றாழை. இரண்டாம் வரிசையில் குரோட்டன், டி செடி, அராலியா. மூன்றாவது சுவரோரம் கோலியஸ். முதல் வரிசையே பாதிக் காற்றை வாங்கிக்கொள்ளும். அக்லோனிமாவை மாடிக்கு ஏற்றவே வேண்டாம்.

வாலிநோக்கம் வாசகி

வீட்டில் தவழுகிற பிள்ளை இருக்கிறது. பயப்பட வேண்டியது எது?

கீழக்கரை முற்றம்

கலேடியம், அக்லோனிமா ரெண்டும் எட்டாத உயரத்தில் வைங்க. இலையில் ஊசி மாதிரி ஆக்சலேட் படிகம் இருக்கு, கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். குரோட்டனை ஒடித்தால் வருகிற பால் சிலருக்குத் தோலில் அரிப்பு கொடுக்கும், வாயிலும் படக்கூடாது. வெட்டும்போது கையுறை போட்டுக்குங்க.

தங்கச்சிமடம் மாடித்தோட்டம்

எல்லோருக்கும் நன்றி. மீட்டர் வாங்கினேன். போர் தண்ணீர் 1400ஐத் தாண்டுகிறது, குழாய்த் தண்ணீர் அதில் கால்வாசிகூட இல்லை. மாடியில் வலையைச் செங்குத்தாகக் கட்டிவிட்டோம், ரியோவும் மருளும் முன்னால் போயின. தொட்டிகளை ஒவ்வொன்றாகக் கழுவி வருகிறேன். கருகிய இலைகள் திரும்பாது என்று தெரியும். புதிதாக வந்த துளிர்களில் இதுவரை ஓரம் சுத்தமாக இருக்கிறது. இலையின் அடியில் மட்டும் வெள்ளையாகப் பஞ்சு போல ஒட்டியிருக்கிறது. அப்புறம், உயரமாகிக் கீழே மொட்டையாக நிற்கிற பெரிய குரோட்டனை என்ன செய்வது?

உச்சிப்புளி நர்சரி

பஞ்சு மாவுப்பூச்சி. தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து மாலையில் அடியுங்கள். வாரம் ஒருமுறை, நிற்கும் வரை. எறும்பு ஏறுகிற வழியையும் அடைக்க வேண்டும், பூச்சியைக் காப்பாற்றுவதே எறும்புதான்.

மொட்டைக் குரோட்டனுக்கு விண்பதியம் போடுங்கள், அதாவது செடியில் இருக்கும்போதே தண்டில் வேர்விடச் செய்வது. மழை தொடங்கும்போது நல்ல காலம். பென்சில் கனத்துக்கு முற்றிய தண்டில், நுனியிலிருந்து ஒரு முழம் கீழே, முக்கால் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்தெடுங்கள். பால் வடியும், துணியால் ஒற்றிவிடுங்கள். கத்தியால் வெள்ளைத் தண்டை லேசாகச் சுரண்டுங்கள், வழவழப்பு போக வேண்டும், இல்லாவிட்டால் பட்டை மறுபடி மூடிவிடும். கழுவிய நார்த்தூளை ஈரமாக, பிழிந்தால் சொட்டாத பதத்தில் கைப்பிடி அளவு வைத்து, பாலிதீன் தாளால் சுற்றி இரண்டு முனையும் கட்டுங்கள். ஒன்று, ஒன்றரை மாதத்தில் தாளுக்குள் வெள்ளை வேர் தெரியும். வேர் பழுப்பேறத் தொடங்கியதும் கீழே வெட்டி நட்டு, நிழலில் வையுங்கள். வெட்டிய தாய்ச்செடி அடியிலிருந்து புதிதாகக் கிளை விடும்.

வாலிநோக்கம் வாசகி

கடைசியாக ஒன்று. கலேடியம் இலையெல்லாம் மார்கழியில் விழுந்துவிட்டது போன வருடம். செத்ததா?

உச்சிப்புளி நர்சரி

இல்லை, தூங்குகிறது. தண்ணீரை நிறுத்துங்கள். கிழங்கைத் தோண்டி மண் உதிர்த்து, காய்ந்த ஆற்று மணலில் புதைத்து நிழலில் வையுங்கள். மாசிக் கடைசியில் எடுத்து, மொட்டு மேல்பக்கம் இருக்கும்படி இரண்டங்குல ஆழத்தில் நட்டு, துளிர் தெரியும் வரை தண்ணீரைக் குறைவாக விடுங்கள். ஏசி தண்ணீர் இருந்தால் அதையே விடுங்கள்.